பழைய வேனின் சைடு கண்ணாடி நடுக்கம்: மூன்றரை வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

திருவையாற்றுப் பக்கமிருந்து கும்பகோணத்துக்கு வாழை இலை ஏற்றுகிறவன் நான். 2022 தொடக்கத்தில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் வேன், முன் சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின் இருக்கிற வகை. இலைக்கட்டு கூரை வரைக்கும் ஏறிவிட்டால் உள் கண்ணாடியில் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது, ரெண்டு பக்கக் கண்ணாடியை நம்பித்தான் வண்டி. அதில் வலது பக்கம் ஆடியது. லேசாக இல்லை. விடியற்காலை மூணு மணிக்கு கபிஸ்தலம் தாண்டிப் போகும்போது பின்னால் வருகிற விளக்கு புள்ளியாகத் தெரியாமல் வெள்ளை நூலாக இழுபட்டு நடுங்கும். பைக்கா, ஒரு லைட் அவிந்த பஸ்ஸா என்று அது பக்கத்தில் வந்து ஹாரன் அடித்த பிறகுதான் புரியும்.

முதலில் செய்தது வெட்டி வேலை. கண்ணாடி பழசு என்று முடிவு கட்டி, 350 ரூபாய்க்குப் புதுசு வாங்கி மாட்டினேன். அது பழையதைவிட எடை குறைவு, ஆட்டமோ கூடிவிட்டது. பழையதையே எடுத்துத் துடைத்துத் திரும்ப மாட்டினேன்.

விஷயம் பிடிபட்டது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில். முகூர்த்த நாளில் மன்னார்குடிக்கு இலை கொண்டுபோகும்போது அங்கே நின்றேன் (நின்றவர்களுக்குத் தெரியும், எதை வேண்டுமானாலும் யோசிக்க நேரம் இருக்கும்). இன்ஜினை அணைக்காமல் நிற்கையில் கண்ணாடியை விரலால் அழுத்தினேன். பாதி ஆட்டம் நின்றது, பாதி நிற்கவில்லை. அப்படியானால் கோளாறு ஒன்றில்லை, ரெண்டு.

மறுநாள் பாபநாசத்தில் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னதும் சிரித்தார். "கண்ணாடியை ஏன் தம்பி திட்டுறீங்க, கியர் ராடைப் பாருங்க, அதுவும்தான் ஆடுது." உண்மைதான், நான் அதைக் கவனித்ததே இல்லை. மூணு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் நின்று ஓடினால் வினாடிக்கு 20 தடவை வெடிக்கிறது. அந்த அதிர்வைத் தாங்கவேண்டிய மவுண்டிங் ரப்பர் ஒன்று தட்டையாக நசுங்கி, இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது. மவுண்டிங் எல்லாவற்றையும் மாற்றியதில் கூலியோடு 1,900 ஆனது. நின்ற இடத்து ஆட்டம் அன்றோடு போயிற்று.

ஓடும்போது வருகிற ஆட்டம் மிச்சம். அதை வீட்டு வாசலில் நானே பார்த்தேன். கண்ணாடித் தகட்டை ஓரத்தில் நெம்பி எடுத்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் குண்டு, அது உட்காரும் கிண்ணம், நடுவில் ஸ்பிரிங் போட்ட ஸ்குரூ. கிண்ணம் தேய்ந்து குண்டு லொடலொட என்றிருந்தது, சந்தில் ஒரு எறும்புக் கூடு வேறு. சுத்தம் பண்ணி, சைக்கிள் டியூப்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி இடையில் வைத்து முடுக்கினேன். ரொம்ப முடுக்கக் கூடாது, பிளாஸ்டிக் வெடித்துவிடும். கையால் திருப்பினால் கொஞ்சம் அடம்பிடித்துத் திரும்ப வேண்டும், அந்தப் பதம். அப்புறம் கண்ணாடியின் கை கதவோடு சேர்கிற இடம். ஸ்குரூ ஓட்டை துருப்பிடித்துப் பெரிதாகியிருந்தது. கதவின் உள்பக்க மூடியான டிரிம்மைக் கழற்றி (ரெண்டு கிளிப் உடைந்தது, உடையத்தான் செய்யும்) பின்னால் சின்ன இரும்புத் தகடு கொடுத்து, ஸ்பிரிங் வாசரோடு போல்ட் போட்டேன்.

இப்போது மூன்றரை வருடம் ஆகிறது. மவுண்டிங்கும் தகடும் அப்படியே இருக்கின்றன. டியூப் துண்டு மட்டும் ஒவ்வொரு அக்னி நட்சத்திரத்திலும் வெயிலில் விறைத்துப்போகும், வருடம் ஒரு தடவை மாற்றுகிறேன், பத்து நிமிட வேலை. அறுபதைத் தாண்டினால் இன்னமும் மெல்லிய நடுக்கம் உண்டு, ஆனால் பின்னால் வருவது பஸ்ஸா பைக்கா என்று தெரிகிறது, எனக்கு அது போதும். அறுவடை சமயத்தில் ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு வைத்திருக்கும்போது ஒதுங்குவதற்கு முன் வலது கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தால் போதும், முன்பு போலத் தலையை வெளியே நீட்ட வேண்டியதில்லை.

யாராவது இதே வேலையில் இறங்குவதாக இருந்தால் நான் செய்த வரிசையில் செய்யாதீர்கள். முதலில் கியர் ராடைப் பாருங்கள், புதுக் கண்ணாடி வாங்குவது கடைசி. நான் வாங்கிய அந்த 350 ரூபாய்க் கண்ணாடியை வீட்டில் முகம் சவரம் செய்ய வைத்திருக்கிறேன். குவிந்த கண்ணாடி, முகம் சின்னதாகத் தெரிகிறது.