வவுனியாவா, மன்னாரா: களஞ்சியத்தை எங்கே போடுவது?

கச்சானும் (நிலக்கடலை) நெல்லும் வாங்கி, நெல்லை அரிசியாக்கி விற்கிற எங்களுக்கு ஒரு பெரிய களஞ்சியம் தேவைப்பட்டது. வன்னியில் ஒட்டுசுட்டான், முள்ளியவளைப் பக்கம் சேர்கிற மூடைகளை எங்கே அடுக்குவது என்று மச்சானும் நானும் ஏழெட்டு மாதம் பேசினோம். கடைசியில் இரண்டு இடம் மிஞ்சின. ஒன்று மன்னார்த் தீவுக்குப் போகிற பாலத்துக்கு இந்தப் பக்கம், தள்ளாடியில். மற்றது வவுனியா, ஹொரவப்பொத்தானை வீதியில். போன வருடம் வவுனியாவை எடுத்தோம். மன்னாரை விட்டது பிழை என்று சொல்பவர்கள் இப்பவும் இருக்கிறார்கள். அவர்களின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

வரைபடத்தைப் பார்த்தால் மன்னார்தான். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததோடு ரயிலும் கப்பலும் சேர்ந்து சென்னையையும் கொழும்பையும் இணைத்தன. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. என் அப்பா அதில் போய் வந்தவர். பிறகு போர் வந்து அதையும் நிறுத்தியது. தலைமன்னாருக்கு ரயில் 2015இல் திரும்பி வந்துவிட்டது, கப்பல் வரவில்லை. இந்தியாவுக்குப் பாலம் கட்டுவது பற்றி இரண்டு நாட்டுத் தலைவர்களும் 2023இல் பேசினார்கள். அது நடந்தால் வன்னிக்கு அதைவிடப் பெரிய காரியம் இருக்காது என்று நானும் நம்புகிறேன்.

யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைத் துறைமுகத்தை நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. அங்கிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய கப்பல் ஆட்களுக்கும் அவர்களின் பொதிகளுக்குமானது. நெல் மூடைக்கு அது உதவாது.

சரி, எங்களுக்கு முடிவைத் தந்தது தூரமும் இல்லை, வாடகையும் இல்லை. ரிட்டர்ன் லோட், அதாவது திரும்பி வரும் லொறிக்கு ஏற்றக் கிடைக்கிற சரக்கு. லொறி வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வவுனியாவிலிருந்து மன்னாருக்கு ஏறக்குறைய 80 கிலோமீற்றர். அரிசி ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வெறும் லொறி திரும்பினால், அந்த 160 கிலோமீற்றர் டீசலையும் போன அரிசிதான் சுமக்க வேண்டும். இரண்டு மாதம் மன்னாருக்கு ஓடிப் பார்த்தோம். திரும்பும் வழியில் செட்டிகுளம் தாண்டும்போது பின்கதவுச் சங்கிலி கடகடவென்று அடிக்கிற சத்தம்தான் கேட்டுக்கொண்டே வரும். பாரம் இருந்தால் அந்தச் சத்தம் வராது. "அண்ணை, வெறும் லொறியும் டீசல் குடிக்கும்தானே" என்று டிரைவர் தம்பி ஒருநாள் சொன்னான். அன்றைக்கே கணக்குக் கொப்பியை எடுத்து உட்கார்ந்தோம்.

மன்னாரில் மீன் இருக்கிறதே என்பார்கள். மீன் கூலர் லொறியில் நேரே கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தைக்குப் போகிறது, எங்கள் திறந்த லொறிக்கு அதில் வேலையில்லை. கருவாடு ஒருமுறை ஏற்றினோம். லொறித் தட்டைக் கழுவி வெயிலில் காயவிட்ட பிறகு ஏற்றிய அரிசியில்கூட மணம் ஏறி, ஒரு கடையில் மூடைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

திருகோணமலைப் பக்கம் கதை வேறு. வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக 100 கிலோமீற்றருக்குள் போய்விடலாம். அங்கே சீனக்குடாவில் பிரிமா மா ஆலை இருக்கிறது, டோக்கியோ சீமெந்து ஆலை இருக்கிறது. கப்பலில் கோதுமையும் சீமெந்து அரைக்கிற கிளிங்கரும் வந்து இறங்குகின்றன, மாவும் சீமெந்தும் லொறியில் வெளியே வருகின்றன. கிண்ணியா, மூதூர்க் கடைகளுக்குக் கச்சானும் அரிசியும் இறக்கிவிட்டு மா மூடையோ சீமெந்தோ ஏற்றி வந்தால் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வாங்க ஆள் இருக்கிறது. தம்பி சட்டையெல்லாம் வெள்ளை மாவோடு வந்து இறங்கும் நாளில், போன அரிசிக்கும் எங்களால் நல்ல விலை கொடுக்க முடிகிறது. அந்த வித்தியாசம் முத்தையன்கட்டில் நெல் விற்கிறவர் கைக்குப் போகிறது. மன்னாருக்கு ஓடிய இரண்டு மாதமும் அவருக்கு அதை எங்களால் கொடுக்க முடியவில்லை.

நாட்டுக்கும் இதே கணக்குத்தான் என்று எனக்குப் படுகிறது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் பெரிய கப்பல்கள் போகும் கிழக்கு மேற்குப் பாதைக்கு எவ்வளவு பக்கம்! 2010இல் திறந்தார்கள், 2017இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். பாதை பக்கத்தில் இருந்தது, ஏற்றவும் இறக்கவும் பின்னால் சரக்கு இருக்கவில்லை. கொழும்புக்கு வரும் கொள்கலன்களில் பெரும்பகுதி வேறு கப்பலுக்கு மாறிப் போகிறவை, அதிகமும் இந்தியாவுக்கு. கூலி கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் இந்தத் தீவில் திறக்கப்படாத பெட்டியால் வன்னியில் ஒருவருக்கும் வேலை வராது. கோதுமை மாவாகிப் போகிறதே, அந்த மாதிரி ஏதாவது நடக்க வேண்டும்.

மன்னாரே ஒரு காலத்தில் இதைச் செய்திருக்கிறது. திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில் மாந்தையைத் தோண்டியபோது சீனப் பீங்கானும் பாரசீகப் பாண்டங்களும் கிடைத்தன. மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த சரக்கு அங்கே கைமாறியது. அப்போதும் கடல் ஆழமில்லாததுதான். ஆனால் அருவி ஆற்றின் மேலே அனுராதபுரம் இருந்தது, வாங்கவும் விற்கவும் ஒரு தலைநகரம். 11ஆம் நூற்றாண்டளவில் அனுராதபுரம் சரிந்தது, மாந்தையும் அதோடு போனது. கடல் அதே இடத்தில்தான் இருந்தது.

நாங்கள் கடல் தாண்டிச் சரக்கு அனுப்பியதில்லை. அதனால் ராமேஸ்வரத்துக்கு லொறியோடு ஏறுகிற கப்பல் வந்தால் சுங்கமும் தாவரப் பரிசோதனையும் எப்படி இருக்கும் என்பதில் என் பேச்சைப் பெரிதாக எடுக்க வேண்டாம். இந்தியாவோடு சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2000இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆக, வரி மட்டும் தடையென்று சொல்ல முடியாது. திருகோணமலையிலும் எங்கள் அனுபவம் ஒரு வருடம்தான். மா விலை ஏறி இறங்கும்போது ரிட்டர்ன் லோட் கிடைக்காத வாரங்களும் இருந்தன.

கடலை ஒட்டியே தொழில் செய்கிறவர்களுக்கு, நண்டும் கடலட்டையும் எடுக்கிறவர்களுக்கு, மன்னார்தான் சரி. அவர்கள் வவுனியாவுக்கு வந்து செய்ய ஒன்றுமில்லை.

ஹொரவப்பொத்தானை வீதிக் களஞ்சியத்துக்கு மூன்று வருட ஒப்பந்தம் மட்டும்தான் எழுதினோம். ஐந்து வருடத்துக்குக் குறைத்துத் தருகிறேன் என்று உரிமையாளர் சொன்னார். மச்சான் வேண்டாம் என்றார். தள்ளாடிக்காரரின் இலக்கம் இன்னும் அவருடைய போனில் இருக்கிறது.