கிரிமால்டியும் டான் லீனோவும்: லண்டனின் இரு சிரிப்பு நடிகர்கள்

1806-இல் கோவென்ட் கார்டன் அரங்கில் மேடையேறிய ‘மதர் கூஸ்’ நாடகம் ஜோசப் கிரிமால்டியைப் புகழின் உச்சிக்கு ஏற்றியது. 1902-இல் ட்ரூரி லேன் அரங்கில், அதே பெயர் கொண்ட வேறொரு நாடகத்தில், டான் லீனோ மதர் கூஸ் என்னும் கிழவியாகவே வேடமிட்டார். வெள்ளை பூசிய முகத்தாலும் உடலை வருத்திய சேட்டைகளாலும் சிரிக்கவைத்த கிரிமால்டி, மூட்டுகள் தேய்ந்து நிற்கவும் இயலாமல், 1828-இல் பிரியாவிடை நிகழ்ச்சியில் நாற்காலியில் அமர்ந்தே பாடினார். மரக்காலணி நடனத்தில் பெயரெடுத்த லீனோவோ சாதாரணப் பெண்களின் ஓயாத பேச்சையே கலையாக்கி, மனம் நலிந்து, 1904-இல் 43 வயதில் மறைந்தார். உடல்மொழியில் கிரிமால்டியே மேல் என்பது என் கணிப்பு. எனினும் அவரை, நாவலாசிரியர் டிக்கன்ஸ் செப்பனிட்டு 1838-இல் வெளியான நினைவுக்குறிப்புகள் போன்ற எழுத்துகளில்தான் தேட வேண்டும், லீனோவின் குரலையோ இசைத்தட்டுப் பதிவுகளில் இன்றும் கேட்கலாம்.