கார்கசோன் முதல் பெஸியே வரை: திராட்சைத் தோட்டங்களின் நடுவே ஒரு கிராவல் தடம்

தென்பிரான்சின் கனால் டு மிடி கால்வாய்க் கரையில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி வரும் சுற்றுலா விளம்பரங்கள் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் காட்டுகின்றன. இரு கரையிலும் ஓங்கி வளர்ந்த பிளேன் மரங்கள் கவிந்து நிற்கும். கீழே வழுவழுப்பான மண்பாதையில் ஒரு தம்பதி சிரித்தபடி போவார்கள். படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த நிழலும் அந்த வழுவழுப்பும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது என்பதைப் படம் சொல்வதில்லை. கார்கசோனுக்கும் பெஸியேவுக்கும் இடைப்பட்ட சுமார் 100 கி.மீ. தடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டிய முதன்மையான விஷயம் இதுதான். மோட்டார் வாகனத் தொல்லை இல்லை என்று விளம்பரங்கள் தரும் வாக்குறுதியைப் பொறுத்தவரை இந்தத் தடத்தில் குறை காண இடமில்லை. கால்வாய்ப் பராமரிப்பு ஊழியர்களின் வண்டியோ கரையோர வீட்டுக்காரரின் காரோ எப்போதாவது எதிர்ப்படுவதைத் தவிர, ஊர்களைக் கடக்கும் சில நூறு மீட்டர்களில்தான் சாலையே வருகிறது.

தடம் இவ்வளவு சமதளமாக இருப்பதற்குக் காரணம் பதினேழாம் நூற்றாண்டுப் பொறியியல். உப்பு வரி வசூலிக்கும் உரிமையால் பெருஞ்செல்வம் ஈட்டிய பியேர்-போல் ரிக்கே, பதினான்காம் லூயி மன்னரின் ஒப்புதலோடு 1666-இல் தொடங்கிய இந்தக் கால்வாய், அவர் இறந்த மறு ஆண்டான 1681-இல் திறக்கப்பட்டது. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரக் காயல் வரை 240 கி.மீ. நீளம் கொண்ட அது, 1996-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. கார்கசோனிலிருந்து கிழக்கே வரும்போது, படகுகளை ஏற்றி இறக்கும் லாக்குகள் சில கிலோமீட்டருக்கு ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றிலும் சின்ன இறக்கம் ஒன்று உண்டு. ஆர்ழான்ஸ் ஊரைத் தாண்டியபின் பெஸியேயின் ஃபோன்செரான் வரை 54 கி.மீ. தூரத்துக்கு லாக்கே கிடையாது. நீரை ஒரே மட்டத்தில் வைத்திருக்கக் கால்வாய் குன்றுகளின் சரிவை ஒட்டியே வளைந்து வளைந்து செல்கிறது. கூடவே நாமும் வளைகிறோம். எதிரே தெரியும் ஊர்க்கோபுரம் அரை மணி நேரம் கழித்தும் அதே தொலைவில் நிற்பது சிலருக்கு எரிச்சலூட்டலாம். அவசரமாகப் போக வேண்டியவர்களுக்கான தடம் இதுவன்று.

தடத்தின் தரத்துக்கு வருகிறேன். துலூஸ் பக்கத்தில் முதல் ஐம்பது கிலோமீட்டர் தார் போடப்பட்ட சீரான சைக்கிள் பாதை. இங்கே அப்படியில்லை. நகரங்களை ஒட்டிய பகுதிகளில் கிராவல் பரப்பி, உருளையால் அழுத்திச் சமன்செய்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் முற்காலத்தில் குதிரைகள் படகிழுத்த கரைப்பாதையே அப்படியே இருக்கிறது. சில இடங்களில் அது ஒற்றையடிப் பாதையாகவும் சுருங்கிவிடுகிறது. பிளேன் மரங்கள் எஞ்சியுள்ள பகுதிகளில் வேர்கள் பாதையின் குறுக்கே முழங்கை தடிமனில் புடைத்து, ஒரு கெஜத்துக்கு ஒன்றாகக் கிடக்கின்றன. மண் தேய்ந்து வேரின் முதுகு மட்டும் பளபளவென்று தெரியும். உதிர்ந்த இலைகள் மூடியிருந்தால் அதுவும் தெரியாது. இருபது நிமிடம் ஓட்டினால் கைப்பிடியைப் பிடித்த விரல்கள் மரத்துப்போகும். மணிக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட முடியாது. தாண்டவும் கூடாது, ஏனெனில் ஓரடி தள்ளிக் கால்வாய் இருக்கிறது.

மரங்கள் போன இடத்தில் பாதை நன்றாக இருக்கிறது என்பதுதான் வேதனை. கால்வாயோரம் இருந்த சுமார் 42,000 பிளேன் மரங்களைக் காளான் நோய் ஒன்று தாக்கி வருகிறது. கால்வாயில் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது 2006-இல், கார்கசோனை அடுத்த வில்துபேரில். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் மரப்பெட்டிகள் வழியாக அது பிரான்சுக்குள் வந்ததாகக் கருதப்படுகிறது. நீரோடும் வேரோடும் பரவும் இந்நோய்க்கு மருந்து இல்லை. பாதித்த மரத்தையும் அதன் பக்கத்து மரங்களையும் வெட்டி எரிப்பதைத் தவிர வழி கிடையாது. நீர்வழித் துறையினர் அவற்றுக்குப் பதிலாகப் பெரும்பாலும் துருக்கி ஓக் கன்றுகளையும், நோய் எதிர்ப்புத் திறன் கொண்ட பிளேன் வகையையும் நட்டு வருகிறார்கள். கன்றுகள் ஆள் உயரம், இரண்டாள் உயரம் என்று நிற்கின்றன. நிழல் என்று சொல்ல எதுவும் இல்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் இந்த மொட்டைக் கரைகள் கடுமையானவை. மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் மாதங்களையே பரிந்துரைப்பேன்.

டயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 40 மி.மீ. அகலத்துக்குக் குறைந்த டயர் இந்த வேர்களுக்குத் தாங்காது. காற்றையும் வழக்கத்தைவிடக் குறைத்தே வைக்க வேண்டும். நம்மூர் நெருஞ்சி அதே இனமாக இங்கும் பாதையோரம் படர்கிறது. கோடையின் பிற்பகுதியில் முள் காய்ந்துவிட்டால், சாதாரண ட்யூபுக்குப் பஞ்சர் நிச்சயம். உள்ளே பசைத் திரவம் ஊற்றிய ட்யூப்லெஸ் டயர் இருந்தால் நிம்மதி. நான் வாடகைக்கு எடுத்த கடையில் ‘கிராவல் சைக்கிள்’ என்று சொல்லித் தந்தது, நகரத் தெருவுக்கான வழுக்கை டயர் போட்ட வண்டி. மாற்றித் தரச் சொன்னதற்கு, எல்லோரும் இதில்தான் போகிறார்கள் என்று பதில் வந்தது. பணம் கொடுக்கும் முன் டயரையும் பிரேக் கட்டைகளையும் கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். மழை பெய்தால் களிமண் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. அன்றைக்கு ஊரில் தங்கிவிடுவது உத்தமம்.

த்ரெப் ஊரைத் தாண்டியதும் திராட்சைதான் காட்சி. வடக்கே கறுப்பு மலையின் அடிவாரம் வரை மினெர்வுவா தோட்டங்கள். தெற்கே கோர்பியேர் தோட்டங்கள். இரண்டுமே, ஒயின் எந்தப் பகுதியில் விளைந்தது என்பதை உறுதிசெய்யும் தோற்றப்பகுதிச் சான்றை 1985-இல் பெற்றவை. கரினியான், கிரெனாஷ், சிரா ஆகியவை இங்கே முக்கியமான கருந்திராட்சை வகைகள். கால்வாய்க் கரை தோட்டத்தைவிடச் சற்று உயரம் என்பதால், கொடி வரிசைகளை மேலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். பழைய கரினியான் கொடிகள் கம்பியில் ஏறாமல், இடுப்பளவு உயரத்தில் முறுக்கிய கட்டைகளாகத் தனித்தனியே நிற்பது கண்ணில் படும். அறுவடைக் காலத்தில் வயல்பாதைகள் கால்வாயைக் கடக்கும் பாலங்களில் கவனம் தேவை. திராட்சை ஏற்றிய டிராக்டர்கள் வேகம் குறைப்பதில்லை.

ஒயின் சுவைக்க விரும்புவோர் வழியை விட்டு விலக வேண்டியதில்லை. ஓம்ப்ஸ் ஊரின் படகுத்துறையிலேயே மினெர்வுவா ஒயின்களுக்கான கூடம் ஒன்று உள்ளது. வான்தனாக்கில் கோட்டை போன்ற கட்டடத்தில் இயங்கும் ஒயின் கூடம் கரையை ஒட்டியே நிற்கிறது. சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் பிரான்சில் ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் என்ற மது வரம்பு பொருந்தும் என்பதையும், சட்டத்தைவிட முன்பாகக் கால்வாயே தண்டித்துவிடும் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. ஆர்ழெலியே என்ற ஊரை யாரும் நின்று பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும். விலை வீழ்ச்சியாலும் சர்க்கரை கலந்த போலி ஒயினாலும் நொடித்துப்போன விவசாயிகள் 87 பேர், காபி விடுதிக்காரர் மார்செலின் அல்பேரின் தலைமையில் 1907 மார்ச் 11 அன்று இந்த ஊரிலிருந்துதான் நார்பான் நகரை நோக்கிப் புறப்பட்டார்கள். மூன்று மாதங்களுக்குள் தென்பகுதி முழுவதும் தெருவில் இறங்கியது. நார்பானில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. இன்று அமைதியாகத் தெரியும் இந்தத் தோட்டங்களுக்கு அப்படியொரு வரலாறு உண்டு.

தங்குவதற்கு ல சொமாய் என் தேர்வு. குதிரைகள் இழுத்த தபால் படகில் வந்த பயணிகள் அந்தக் காலத்திலும் அங்கேதான் இரவு தங்கினார்கள். வளைந்த கல்பாலமும் சிறு தேவாலயமும் பிரமாண்டமான பழைய புத்தகக் கடை ஒன்றும் இருக்கின்றன. அறைகள் குறைவு, பருவகாலத்தில் முன்பதிவு செய்யாமல் போகக் கூடாது. மறுநாள் பாதையில் மல்பாஸ் குன்று வரும். படகுக் கால்வாய்க்காக 1679-இல் தோண்டப்பட்ட சுரங்கம் அங்கே இருக்கிறது. சைக்கிள் மட்டும் குன்றின் மேலேறிக் கடக்க வேண்டும். ஏறியது ஏறியாயிற்று, பக்கத்து ஆன்செரூன் மேட்டுக்கும் போய்விடுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நீர் வடிக்கப்பட்ட மோன்தாதி ஏரியின் வயல்கள், ஒரு மையத்திலிருந்து விரியும் ஆரக்கால்களாகக் கீழே தெரியும்.

உணவு, நீர் விஷயத்தில் ஊர்களை நம்பலாம். நேரத்தை நம்ப முடியாது. மதியம் இரண்டு மணிக்கு மேல் சமையல்கட்டு மூடிவிடும். திங்கட்கிழமைகளில் ரொட்டிக் கடைகள் பல திறப்பதில்லை. குழாயைக் காணாவிட்டால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒன்று இருக்கும். மேற்கிலிருந்து கிழக்காகப் போவதே நல்லது. இப்பகுதியில் ‘செர்ஸ்’ என்று அழைக்கப்படும் மேற்குக் காற்று பலமானது. எதிர்த்து ஓட்டினால் சமதளமும் மலையேற்றமாகிவிடும்.

தடம் முடியும் ஃபோன்செரானில் எட்டு லாக் தொட்டிகள் படிக்கட்டாக 21.5 மீட்டர் இறங்குகின்றன. படகுகள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்க்கக் கூட்டம் நிற்கும் என்பதால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அங்கிருந்து ஓர்ப் ஆற்றின் மேல் 1858-இல் கட்டப்பட்ட நீர்ப்பாலத்தைக் கடந்து படகுத்துறையை அடைந்தால் பெஸியே ரயில் நிலையம் அருகிலேயே இருக்கிறது. கார்கசோனுக்குத் திரும்ப நார்பான் வழியாக வட்டார ரயில் உண்டு. அதில் சைக்கிளுக்கு இடம் குறைவு. கோடை ஞாயிறு மாலைகளைத் தவிர்த்து, காலை வண்டியைப் பிடியுங்கள்.