நிறுத்திய காரில் பேட்டரி இறங்கினால்: ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பதா, பிடுங்காமல் அளப்பதா?

செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடிச் சாரல் பிடித்துவிட்டால் கார்கள் பல நாள் கொட்டகையிலேயே நிற்கும். எடுத்தாலும் வைப்பர், ஹெட்லைட், புளோயர் மூன்றையும் ஓடவிட்டுத் தென்காசி வரை போய்த் திரும்புவதோடு சரி. அந்த ஓட்டத்தில் பேட்டரிக்கு வேண்டிய சார்ஜ் ஏறுவதில்லை. பிறகு ஒரு காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் உடனே புதுப் பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். வண்டி நிற்கும்போதும் மின்சாரம் எங்கோ செலவாகிக்கொண்டிருந்தால், அதாவது மின்கசிவு வண்டியில் இருந்தால், புதுப் பேட்டரியும் அதே கதிக்கு ஆளாகும்.

பேட்டரியே கெட்டதா என்பதை முதலில் தீர்த்துக்கொள்வது எளிது. முழுதாகச் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் ஆறவிட்டால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஓர் இரவு வைத்தும் 12.2-க்கு இறங்கினால் குறை பேட்டரியில்; கழற்றினால் நின்று, மாட்டினால் இறங்கினால், வண்டியில் ஏதோ ஒன்று சார்ஜைக் குடிக்கிறது. அதைத் தேடும் வழிகளைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

பெரும்பாலான ஒர்க்‌ஷாப்களில் செய்வது பழைய முறை. நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரை (வோல்ட், ஆம்பியர் எல்லாம் அளக்கும் கைமீட்டர்) ஆம்பியர் நிலையில் மாட்டி, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது அளவு சரிகிறது என்று பார்ப்பார்கள். மொத்தக் கசிவு எவ்வளவு என்பதை நேராகக் காட்டுவதில் இதற்கு நிகர் இல்லை. 50 மில்லியாம்பியருக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை வேண்டாம். மீட்டரின் 10 ஆம்பியர் துளையைத்தான் பயன்படுத்த வேண்டும். மில்லியாம்பியர் துளையில் மாட்டி வைத்திருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும்.

ஆனால் இன்றைய கார்களில் இந்த முறையின் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிய பிறகு உள்ளிருக்கும் மின்னணுப் பெட்டிகள் ஒவ்வொன்றாக உறக்கத்துக்குப் போகும். சில வண்டிகளில் சில நிமிடங்கள், சிலவற்றில் அரை மணிக்கும் மேல் ஆகும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலோ, ஒரு ஃபியூஸைப் பிடுங்கித் திரும்பச் செருகினாலோ அவை விழித்துக்கொள்ளும். மறுபடி உறங்கும்வரை மீட்டரில் தெரியும் எண் கசிவின் எண் அல்ல. சில சமயம், உறங்காமல் அடம்பிடித்த பெட்டி மின்சாரம் துண்டிக்கப்பட்டதில் சரியாகிவிட, குறையே மறைந்துபோகும். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மீண்டும் தலைகாட்டும்.

அதனால்தான் என் காருக்கு நான் தேர்ந்தெடுத்தது, ஃபியூஸைத் தொடாமலே அதன் இரு முனைகளுக்கிடையே மில்லிவோல்ட் அளக்கும் முறை. தகட்டு ஃபியூஸின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். மீட்டரின் இரு முனைகளையும் அவற்றில் வைத்தால், மின்சாரம் ஓடாத ஃபியூஸ் சுழியைக் காட்டும்; ஓடுகிற ஃபியூஸ் ஒரு சிறு எண்ணைக் காட்டும். 10 ஆம்பியர் மினி ஃபியூஸில் 0.1 மில்லிவோல்ட் என்றால் ஏறத்தாழ 13 மில்லியாம்பியர் ஓடுகிறது என்று கொள்ளலாம். ஃபியூஸின் திறன் கூடக்கூட அதே எண்ணுக்கு அதிக மின்னோட்டம் என்று பொருள்.

ஆயத்தம் கொஞ்சம் வேண்டும். ஃபியூஸ் பெட்டி டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தால் ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டு நாக்கை ஸ்குரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கதவு சாத்தியிருப்பதாக வண்டி எடுத்துக்கொள்ளும். (திரும்பச் சாத்துமுன் நாக்கை விடுவித்தாக வேண்டும்.) பானெட்டையும் முன்பே திறந்து வைத்து, ரிமோட் சாவியை வீட்டுக்குள் தள்ளி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் வண்டியின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

என் காரில் எல்லா ஃபியூஸும் சுழியை ஒட்டி நிற்க, ஸ்டீரியோவின் 10 ஆம்பியர் ஃபியூஸ் மட்டும் 2.1 மில்லிவோல்ட் காட்டியது. அதாவது சுமார் 280 மில்லியாம்பியர். ஒரு நாளில் 6.7 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணிப் பேட்டரி காலியாக ஐந்து நாள் போதும். ஸ்டீரியோவை இழுத்துப் பார்த்தால், எப்போதும் மின்சாரம் இருக்கும் மஞ்சள் ஒயரையும், சாவி திருப்பினால் மட்டும் வர வேண்டிய சிவப்பு ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். துணைக்கருவிக் கடையில் அவசரத்தில் செய்யும் இந்த வேலையின் செலவு பேட்டரி வாங்குகிறவர் தலையில் விழுகிறது என்பதே என் ஆதங்கம். ஒயர்களைப் பிரித்து முறையாக இணைத்த பின் அதே ஃபியூஸ் 0.1-க்கு இறங்கியது.

கிளாம்ப் மீட்டர் மூன்றாவது வழி. ஒயரைக் கழற்றாமல் சுற்றிப் பிடித்தாலே மொத்தக் கசிவைக் காட்டும், வண்டியின் உறக்கமும் கலையாது. ஆனால் வீட்டு எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருப்பவை பெரும்பாலும் ஏசி (வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம்) மட்டுமே அளப்பவை. காருக்கு டிசி (பேட்டரி தரும் நேர்திசை மின்சாரம்) அளப்பதும், 10 மில்லியாம்பியரையாவது பிரித்துக் காட்டுவதும் வேண்டும். அவை சாதாரண மல்டிமீட்டரைவிடப் பல மடங்கு விலை. நான் இரவல் வாங்கிச் சிறிதளவே பயன்படுத்தியிருக்கிறேன்; மீட்டரைத் திருப்பிப் பிடித்தாலே எண் நகர்ந்ததால், அளக்கும் இடத்திலேயே சுழியாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆயினும் மில்லிவோல்ட் முறை கோட்டைவிடும் ஓர் இடம் உண்டு. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில், மின்சாரத்தை ஒரே திசையில் விட வேண்டிய டயோடு கசிந்தால் அந்த மின்சாரம் சிறு ஃபியூஸ்களின் வழியே போகாது, தடித்த ஒயர் வழியே போகும். எல்லா ஃபியூஸும் சுழியாக இருந்தும் பேட்டரி இறங்கினால் கிளாம்ப் மீட்டரை அந்த ஒயரில் மாட்டிப் பார்க்க வேண்டும். அது கிடைக்காதவர்கள், பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி, ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரை விடுவித்து, நுனியை டேப்பால் நன்றாகச் சுற்றி, நெகட்டிவ்வை மாட்டி ஓர் இரவு விட்டுப் பார்க்கலாம். காலையில் வோல்ட் இறங்காமல் இருந்தால் கசிவு அங்கேதான்.