சடைமுடியும் செட்டிநாட்டுத் தண்ணீரும்: ஆழ்ந்த அலசல் பற்றிய நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கற்றை கற்றையாகத் திரண்டு இறுகிய சடைமுடியை (ட்ரெட்லாக்ஸ்) ஆழமாகச் சுத்தம் செய்ய எந்தப் பொருளை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எப்படிப்பட்டது என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் வசித்துக்கொண்டு, தோளுக்குக் கீழே தொங்கும் சடைக்கற்றைகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். ஷாம்பு, வினிகர், ஆப்பசோடா ஆகிய எல்லாவற்றையும் போதிய காலம் பயன்படுத்திப் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: எதைக் கொண்டு தேய்க்கிறோம் என்பதைவிட, எந்தத் தண்ணீரில் அலசுகிறோம், அதன் பிறகு எவ்வளவு முழுமையாக உலர்த்துகிறோம் என்ற இரண்டுமே சடைமுடியின் நலத்தைத் தீர்மானிக்கின்றன.

சாதாரணமாக ஒருவருக்கு ஒரு நாளில் 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. சீப்பால் வாருபவர்களுக்கு அவை சீப்போடு வந்துவிடும். சடைமுடியிலோ, வேரிலிருந்து கழன்ற முடியும் கற்றைக்குள்ளேயே பின்னிக்கிடந்து அதன் உடலாகிவிடுகிறது. சடை தடித்து உறுதியாவது இதனால்தான். ஆனால் அதே பின்னலுக்குள் தலையின் எண்ணெய்ப்பசை, வியர்வை உப்பு, தெருப்புழுதி, தலையணைப் பஞ்சு, சரியாக அலசப்படாத ஷாம்பு ஆகிய அனைத்தும் வந்து தங்குகின்றன. வாரம் ஒரு முறை தலைக்குக் குளிப்பது உச்சந்தலையைச் சுத்தமாக வைத்திருக்கும். கற்றையின் நடுவில் இறுகிப்போனதை அது தொடுவதில்லை. ஆழ்ந்த அலசல் என்று தனியாக ஒன்று தேவைப்படுவது அந்த நடுப்பகுதிக்காகத்தான்.

என் வேலையும் இதில் பங்கு வகிக்கிறது. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறை ஒன்றில் வண்ணக் கலவைகளைக் கவனித்துக்கொள்கிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் இட்டு அழுத்திச் செய்யும் வேலை அது. காற்றில் எப்போதும் மெல்லிய தூள் இருக்கும். ஈரம் பட்ட சிமெண்ட் கடுமையான காரத்தன்மை கொண்டது. வியர்த்த தலையில் அது படிந்தால் தோல் எரியும், முடியும் முரடாகும். ஆகவே பட்டறைக்குள் நுழையும் முன்பே நெருக்கமாக நெய்த, வழுவழுப்பான துணியால் சடை முழுவதையும் சுற்றி மூடிவிடுகிறேன். கைத்தறிக் கூடங்களில் வேலை செய்பவர்களுக்கும் இதையே சொல்வேன். சடைக்குள் நுழைந்துவிட்ட பஞ்சுத் துகளை எந்தக் கரைசலும் கரைக்காது, நுழையவிடாமல் தடுப்பது ஒன்றே வழி.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். எங்கள் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் வருவது பருப்பு வேகாத தண்ணீர். சுடுநீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டுவதைப் பார்த்தாலே அதிலுள்ள சுண்ணாம்பின் அளவு விளங்கும். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்பதை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கத்தக்க அளவாகவும் வைத்திருக்கிறது. குடிக்கத் தடையில்லாத தண்ணீரும் சடைக்கு நல்லதாக இருக்க வேண்டியதில்லை என்பதை இந்த அகன்ற இடைவெளியே காட்டுகிறது. சடைக்கற்றை ஒவ்வொரு முறையும் நிறையத் தண்ணீரை உறிஞ்சி, பிறகு மெல்ல உலர்கிறது. நீர் ஆவியாகிப் போக, அதிலிருந்த கால்சியமும் மெக்னீசியமும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. குளியல் சோப்புக் கட்டியைத் தலைக்குப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். சோப்பும் கால்சியமும் சேர்ந்து நீரில் கரையாத பிசுக்காக மாறி, கற்றைக்குள் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொள்ளும். பலர் இதைப் பொடுகு என்று எண்ணி மருந்து ஷாம்பு வாங்குகிறார்கள். பொடுகு தலைத்தோலில் செதிலாகத் தெரியும். இந்தப் பிசுக்கு கற்றையின் நீளத்தில், விரலால் நசுக்கினால் மெழுகுபோல் வழுக்கும்.

காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீரின் சுவையை இங்கே எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அது குடிப்பதற்கு. தலைக்கு ஊற்ற மனம் வராது. எனக்குக் கைகொடுத்தது மழைநீர். செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் ஓட்டுக்கூரைகள் முற்றத்தை நோக்கிச் சரிவாக அமைந்திருப்பதும், தாழ்வாரத்தின் நான்கு மூலையிலும் அண்டாக்களை வைத்து மழைநீரைப் பிடிப்பதும் எங்கள் அப்பத்தா காலம்வரை அன்றாட வழக்கம். மேகத்திலிருந்து நேராக வரும் நீரில் சுண்ணாம்பு ஏறக்குறைய இல்லை. முதல் மழை ஓட்டிலிருக்கும் புழுதியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும் என்பதால் அதை விட்டுவிட்டு, பின்னால் விழுவதைப் பிடித்து, வெள்ளைத்துணியில் வடிகட்டி மூடி வைக்கிறேன். அதைக் குளியல் முழுமைக்கும் செலவழிப்பதில்லை. வழக்கமான தண்ணீரில் தேய்த்துக் குளித்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு வாளி மழைநீரைப் பயன்படுத்துகிறேன். இதைத் தொடங்கிய பிறகு சடையின் முரட்டுத்தன்மை வெகுவாகக் குறைந்தது, ஆழ்ந்த அலசலுக்கான தேவையும் தள்ளிப்போனது. இந்த அனுபவப் பகிர்விலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால், இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பொருள்களைப் பற்றிய என் மதிப்பீட்டைச் சொல்கிறேன். ஆப்பசோடா எல்லோரும் முதலில் பரிந்துரைப்பது. அது எண்ணெய்ப்பசையைத் தளர்த்துவது உண்மை. எனினும் அதன் கரைசல் காரத்தன்மை உடையது. முடியின் இயல்போ சற்று அமிலத்தன்மை கொண்டது. காரம் பட்டவுடன் முடியின் மேற்செதில்கள் விரிந்து, முடி உலர்ந்து உடையத் தொடங்குகிறது. லிட்டருக்கு ஒரு கரண்டிக்கு மேல் போகாமல், பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடாமல், ஆண்டுக்கு ஓரிரு முறை பயன்படுத்தினால் என் முடி தாங்குகிறது. மாதந்தோறும் பயன்படுத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். சோடாவையும் வினிகரையும் ஒரே வாளியில் கலந்து நுரை பொங்குவதைக் காட்டும் செய்முறைகளை நம்ப வேண்டாம். அந்தப் பொங்கல், காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியேற்றுவதன் அடையாளம் மட்டுமே. பொங்கி அடங்கிய பிறகு வாளியில் எஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர். சோடாவை முதலில் பயன்படுத்தி, நன்றாக அலசிய பிறகே வினிகருக்குப் போக வேண்டும்.

வினிகர்தான் எங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஏற்றது. கடையில் கிடைக்கும் ஆப்பிள் சிடர் வினிகரில் சுமார் 5 விழுக்காடு அசெட்டிக் அமிலம் இருக்கிறது. படிந்த சுண்ணாம்பைக் கரைப்பதும், விரிந்த செதில்களை மீண்டும் அடக்குவதும் அதன் வேலை. 200 மில்லி வினிகரை 2 லிட்டர் தண்ணீரில் கலந்து, கண்ணில் படாமல் சடையை அதில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைக்கிறேன். நீர் கலக்காமல் ஊற்றினால் தலைத்தோல் புண்ணாகும். எலுமிச்சைச் சாறும் அமிலந்தானே என்று சிலர் கேட்பதுண்டு. அதன் சதைத்துணுக்குகள் கற்றைக்குள் சிக்கும் என்பது ஒருபுறம். சாறு பட்ட தோல் வெயிலில் காய்ந்தால் கொப்புளமும் கருமையும் ஏற்படலாம் என்பது அதைவிட முக்கியமானது. வெயிலில் சடை உலர்த்தும் எங்களுக்கு அது பொருந்தாது.

ஷாம்பு வாங்கும்போது, பளபளப்பும் மென்மையும் தருவதாகச் சொல்லும் பாலாடை போன்ற வகைகளைத் தவிர்த்து, ஊடுருவிப் பார்க்கக்கூடிய தெளிந்த திரவமாக உள்ளதைத் தேர்ந்தெடுக்கிறேன். மென்மை தரும் சிலிகோன்கள் வாருகிற முடிக்கு நல்லவை. சடைக்குள் அவை படலமாகப் படிகின்றன. கடின நீர்ப்படிவை நீக்குவதற்கென்றே விற்கப்படும் ஷாம்புகளின் சேர்மானப் பட்டியலில் டெட்ராசோடியம் இடிடிஏ போன்ற பெயர் முன்வரிசையிலேயே இருக்கும். அது கால்சியத்தைப் பிடித்து நீரோடு கொண்டுபோகும் பொருள். விலை அதிகம்தான். ஆனால் ஆழ்ந்த அலசலுக்கு மட்டும் எடுத்தால் ஒரு புட்டி நெடுநாள் வரும்.

சீயக்காயைக் கைவிட வேண்டாம். பொடியாகப் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். சீயக்காய்ப் பொடி, அரப்புப் பொடி, வெந்தய விழுது, செம்பருத்தி இலை விழுது ஆகிய அனைத்தும் அவிழ்ந்த கூந்தலுக்கு அருமையானவை, சடைக்குள் போனால் வெளியே வராதவை. முழுச் சீயக்காயையும் பூந்திக்காயையும் இரவே ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டு, ஆறியதும் நெருக்கமான துணியில் இரு முறை வடிகட்டினால் கிடைக்கும் தெளிந்த நீர் மிகச் சிறந்த வாராந்திரச் சுத்திகரிப்பான். சோப்பைப் போலக் கடின நீரோடு சேர்ந்து பிசுக்காக மாறுவதும் இல்லை. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதால் தலையைப் பின்னால் சாய்த்தே ஊற்ற வேண்டும்.

தேன்மெழுகு கலந்த சடைப் பசைகளைப் பற்றி ஒரு சொல். தேன்மெழுகு உருகுவதற்கு 62 முதல் 64 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. அவ்வளவு சூடான தண்ணீரை எந்தத் தலையும் தாங்காது. ஆகவே உள்ளே போன மெழுகு உள்ளேயே இருந்து புழுதியை ஈர்த்துக்கொண்டிருக்கும். வாங்காதீர்கள்.

ஆழ்ந்த அலசலை நான் ஆண்டில் இரண்டு மூன்று முறை, காய்ந்த வெயில் நிச்சயமாகக் கிடைக்கும் காலத்தில், விடியற்காலையில் தொடங்குகிறேன். பங்குனியிலும் ஆவணியிலும் செய்வது எனக்குப் பொருந்தியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடுவதே இல்லை. முதலில் வெதுவெதுப்பான நீரில் சடையை முழுவதும் நனைத்து, ஒவ்வொரு கற்றையையும் வேரிலிருந்து நுனிவரை கையால் பிழிகிறேன். பிறகு தெளிந்த ஷாம்புவை நீரில் கரைத்து உச்சந்தலையில் ஊற்றி, நகம் படாமல் விரல் நுனியால் தேய்க்கிறேன். அதன் பின் வெண்ணிற வாளியில், மேலே சொன்ன கரைசலில் ஊறல். வெண்ணிற வாளி என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: செம்மண் புழுதியானால் நீர் சிவக்கும், எண்ணெய்ப் பிசுக்கானால் மேலே படலம் மிதக்கும், பஞ்சானால் அடியில் இழையாகத் தங்கும், எதை முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதை நீரின் நிறமே சொல்லிவிடும். பிழியும்போது நீர் தெளிவாக வரும்வரை அலசலைத் தொடர வேண்டும். பாதி கரைந்த அழுக்கு உள்ளே தங்குவது, கரையாத அழுக்கு இருப்பதைவிடக் கேடு.

உலர்த்துவதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். தடித்த கற்றையின் வெளிப்புறம் ஒரு மணி நேரத்தில் காய்ந்ததுபோல் தெரியும். நடுவில் ஈரம் மாலைவரை இருக்கும். அந்த ஈரத்தோடு கொண்டை போட்டாலோ படுத்துவிட்டாலோ உள்ளே பூஞ்சை பிடித்து, நனைந்த கோணிச்சாக்கின் வாடை வரும். வந்துவிட்டால் முழுவதுமாகப் போக்குவது மிகக் கடினம். பூத்துண்டு இழை விடுவதால் அதைத் தவிர்த்து, பலமுறை வெளுத்து மெலிந்த காசித்துண்டால் கற்றை கற்றையாக அழுத்தி ஒற்றுகிறேன். பிறகு முற்றத்து வெயிலில் கொஞ்ச நேரம், அதன் பின் காற்றோட்டமான தாழ்வாரத்தில். “ஆத்தா, ஈரத்தலையோட படுக்காதே” என்று அப்பத்தா சொல்வது சளிக்கு அஞ்சித்தான். சடைக்கும் அது அப்படியே பொருந்தும். ஆனால் அவர்கள் போடச் சொல்லும் சாம்பிராணிப் புகையை மட்டும் நான் ஏற்பதில்லை. அது பிசின் புகை. வாடையை மறைக்குமே தவிர ஈரத்தின் மூலத்தைத் தொடாது, அதன் நுண்துகளும் ஈரக் கற்றையில் படியும்.

எண்ணெய் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சடைமுடிப் பராமரிப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஆப்பிரிக்க வழிவந்தவர்களின் நெருங்கிச் சுருண்ட முடிக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்குத் தலையின் இயற்கை எண்ணெய் சுருள் வழியே எளிதில் இறங்காது, ஆகவே எண்ணெய் தேவைப்படுகிறது. நம்முடைய நேர்முடியிலும் அலைமுடியிலும் அது தானே இறங்கிவிடும். சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலை நான் உடலுக்கு வைத்துக்கொள்கிறேன். சடைக்குக் காய்ந்த நுனிகளில் சில துளித் தேங்காய் எண்ணெய் போதும். பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெய் தேய்க்காமலிருப்பது நல்லது, ஏனெனில் பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெய்ப்பசையைத் தின்றே வளர்கிறது.

வேர்ப்பகுதியைச் சீர்செய்வதிலும் இதே வேறுபாடு நினைவில் இருக்கட்டும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது, நம் முடியில் பசை தடவி முறுக்கினால் அந்த முறுக்கு நிற்பதில்லை. மெல்லிய குரோஷே ஊசியால் (நுனியில் கொக்கி உள்ள பின்னல் ஊசி), தளர்ந்த முடிகளை மட்டும் உள்ளே இழுத்துவிடுவதே நிலைக்கிறது. அதையும் ஆழ்ந்த அலசல் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகே, சில மாதங்களுக்கு ஒரு முறை செய்கிறேன். இறுக்கம் கூடினால் நெற்றியோரத்தில் முடி மெலியத் தொடங்கும். இழுவை தொடர்ந்தால் அந்த வேர்கள் மீண்டும் முளைக்காமலே போகலாம். வேரில் வலியோ சிறு கொப்புளங்களோ தெரிந்தால் அன்றே தளர்த்திவிட வேண்டும். வட்டவட்டமாக முடி கொட்டுதல், சீழ், ஓயாத அரிப்பு இருந்தால் வினிகரும் சீயக்காயும் மருந்தாகா. தோல் மருத்துவரிடம் சடையோடே போகலாம், பெரும்பாலான நோய்களுக்குச் சடையை வெட்டாமலே சிகிச்சை தர முடியும் என்பதையும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.