கையெழுத்துக்கு முன்: பிள்ளைகளைச் சேர்க்கும் மூன்று வகை ஆய்வுகள்

"உங்க குழந்தையை இந்த ஸ்டடியில சேர்க்கலாமா?" என்று மருத்துவமனையில் கேட்டால் பெற்றோரிடமிருந்து பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். டாக்டர் சொல்கிறார் என்று அப்படியே கையெழுத்துப் போடுவார்கள், இல்லையென்றால், "எம்பிள்ளையை வச்சா சோதனை பண்ணுவீங்க?" என்று எழுந்துவிடுவார்கள். ஒப்புதல் படிவத்தைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டும் வேலையில் சில வருடங்கள் இருந்தேன். எந்த வகை ஆய்வு என்று கேட்டுவிட்டுப் பதில் சொன்னவர்கள் குறைவு. ஆனால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

முதல் வகையில் மருந்தே கிடையாது, பிள்ளையைக் கவனித்துக் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வரவைக்கும் ரோட்டா வைரஸைப் பற்றி வேலூரில் 2002-இல் தொடங்கிய ஆய்வு நல்ல உதாரணம். பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை 373 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். மெக்சிகோவில் நடந்த இதே மாதிரி ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்துபோன குழந்தைக்கு அதன்பின் கடுமையான வயிற்றுப்போக்கு வரவில்லை. வேலூரில் மூன்று முறை வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். நம் ஊர்க் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்று கணிக்க இந்தத் தகவல் இல்லாமல் முடியாது.

இந்த வகையில் ஆபத்து மிகக் குறைவு, தொந்தரவுதான் அதிகம். களப்பணியாளர் வாரத்தில் இரண்டு நாள் கதவைத் தட்டுவார். குழந்தை போன மலத்தை மூடி போட்ட டப்பாவில் எடுத்து வைக்க வேண்டும். பாட்டி வீட்டுக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இதெல்லாம் வருடக்கணக்கில். எத்தனை ஊசி என்று கேட்பதைவிட, எத்தனை மாதம், எத்தனை முறை வருவீர்கள் என்று கேளுங்கள். வீடு தாங்கும் என்றால் நான் தயங்காமல் சரி என்பேன்.

இரண்டாவது, நன்றாக இருக்கும் குழந்தைக்குப் புதுத் தடுப்பு மருந்து கொடுத்துப் பார்ப்பது. ரோட்டா வைரஸைத் தடுக்கும் ரோட்டாவாக் சொட்டு மருந்துக்கு 2011 முதல் டெல்லி, புனே, வேலூரில் 6,799 கைக்குழந்தைகளைச் சேர்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்றுச் சொட்டு. எந்தப் பிள்ளைக்கு எது என்பது சொட்டு விடும் நர்ஸுக்கே தெரியாது. "எம்பிள்ளைக்கு நிஜ மருந்தா, சும்மாவா?" என்று கேட்கும் தாய்க்கு, "தெரியாதும்மா" என்பதுதான் நேர்மையான பதில். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை அந்த மருந்து பாதிக்குச் சற்று மேல் தடுத்தது. 2016-இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது. 1980-களில் டெல்லி எய்ம்ஸில், நோய் அறிகுறியே இல்லாத பச்சிளங்குழந்தைகளிடம் கண்டெடுத்த வைரஸிலிருந்து வந்த மருந்து அது.

மூன்றிலும் அதிகமாகக் குடைந்து கேட்க வேண்டியது இங்கேதான். பிள்ளைக்கு நோய் இல்லை. பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆய்வில் சேராத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இதே நோய்க்கான தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிறதா? ரோட்டாவாக் ஆய்வு தொடங்கியபோது அரசுத் திட்டத்தில் ரோட்டா தடுப்பு மருந்து இல்லை, அதனால் வெற்றுச் சொட்டுக்கு ஒரு நியாயம் இருந்தது. கிடைக்கிற மருந்தை நிறுத்திவிட்டு வெற்று மருந்து தருகிறார்கள் என்றால் சேர்க்காதீர்கள்.

கேட்கவே வழியில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்தில் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்ட திட்டத்தில், பெற்றோருக்குப் பதிலாக விடுதி வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் பல படிவங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். அடுத்த வருடம் திட்டத்தை நிறுத்தினார்கள். தடுப்பூசியில் கோளாறு என்று நான் சொல்லவில்லை. திட்டத்தில் சேர்ந்த சிறுமிகள் சிலர் இறந்தார்கள், அதற்குத் தடுப்பூசி காரணமில்லை என்றே விசாரணை சொன்னது. ஆனால் பழங்குடிப் பெற்றோரைக் கேட்காமல் அவர்கள் பிள்ளைகளைச் சேர்த்தது மன்னிக்கக்கூடியது அல்ல.

மூன்றாவது, நோயில் இருக்கும் பிள்ளைக்கான சிகிச்சை ஆய்வு. பெற்றோர் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். என் பார்வையில் பல நேரம் பயம் குறைவாக இருக்க வேண்டியதும் இதற்குத்தான். ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்காக, நாட்டின் பெரிய புற்றுநோய் மையங்கள் சேர்ந்து 2016-இல் தொடங்கிய ஐசிக்கிள் ஆய்வைப் பாருங்கள். அதிக அபாயப் பிரிவில் இல்லாத சிறு பிள்ளைகளுக்குச் சிகிச்சையின் தொடக்கத்தில் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 5 வாரம் தருவதா, 3 வாரம் போதுமா என்பது அதில் ஒரு கேள்வி. "எம்பிள்ளைக்கு மட்டும் ஏன் குறைச்சல்?" என்று அப்பாக்கள் கோபப்படுவது நியாயம். ஆனால் அந்த மாத்திரையால் முகம் ஊதி, ராத்திரி இரண்டு மணிக்குப் பசி என்று அழுது, கிருமித் தொற்று வந்து ஐசியூ வரை போகும் பிள்ளைகள் உண்டு. குறைத்தால் அது தணியுமா என்பதைத்தான் பார்க்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கு எது என்பதைக் குலுக்கல் மாதிரி கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். அது எந்தப் பக்கம் போட்டாலும் பிள்ளைக்குச் சிகிச்சை உண்டு. ஒரு பக்கம் வழக்கமான சிகிச்சையேதான்.

எல்லா மருந்துகளும் கைவிட்ட பிறகு, புது மருந்தின் அளவைக் கண்டுபிடிக்க நடக்கும் முதல் கட்ட ஆய்வு வேறு கதை. அங்கே நம்பிக்கையே கண்ணை மறைக்கும். குணமாக்கத்தானா, அளவு பார்க்கவா என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

எந்த வகையானாலும், வேண்டாம் என்று சொன்னதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. பாதியில் விலகலாம். மருந்து ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் மருந்து ஆய்வுகளுக்கான அரசின் 2019 விதிகளில் உள்ளன. 7 வயதிலிருந்து பிள்ளையின் வாய்மொழிச் சம்மதமும், 12-க்கு மேல் எழுத்தில் சம்மதமும் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறை. அப்புறம், எடுத்த ரத்தத்தில் மிச்சத்தைப் பிற்கால ஆய்வுகளுக்குச் சேமிக்கலாமா என்று பல படிவங்களில் தனியாக ஒரு கட்டம் இருக்கும். ஆய்வுக்குச் சரி சொல்லிவிட்டு அதற்கு மட்டும் வேண்டாம் என்று குறிக்கலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.