இடுப்பு நரம்பு அழுத்தம்: பயிற்சியா, ஊசியா, அறுவை சிகிச்சையா?

எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் பார்த்து இந்த மூன்றில் ஒன்றை முடிவு செய்ய முடியாது. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 64 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க்கில் (முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டு) கோளாறு தெரிந்தது. காலில் உள்ள அறிகுறியோடு ஒத்துப்போனால்தான் படத்துக்கு மதிப்பு. எல்5, அதாவது இடுப்பின் ஐந்தாம் நரம்பு வேர், அழுந்தினால் வலி காலின் வெளிப்பக்கமாக இறங்கும், பாதத்தின் மேல்புறம் மரத்துப்போகும், பெருவிரலை நிமிர்த்தும் பலம் குறையும். அதற்கு அடுத்துக் கீழே உள்ள எஸ்1 வேர் என்றால் வலி கெண்டைக்கால் வழியாகப் பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போகும். ஒற்றைக் காலில் எம்பி நிற்க வராது.

ஒப்பீட்டுக்கே இடமில்லாத நிலையும் உண்டு. சிறுநீர் வராமல் போவது அல்லது அடக்க முடியாமல் போவது, ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களும் ஒருசேரத் தளர்வது: எது வந்தாலும் அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாதம் தொங்கிப்போய் நாளுக்கு நாள் மோசமானாலும் அறுவை மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மற்றவர்களுக்குப் பயிற்சியே முதல் வழி. டிஸ்க் பிதுங்கலால் வரும் கால்வலி பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் தணிகிறது. பிய்ந்து வெளியே வந்த பெரிய துண்டைக்கூட உடலே கரைத்துவிடுவதுண்டு. சின்னப் பிதுங்கலைவிட அதுதான் நன்றாகக் கரைகிறது. ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே கிடப்பதால் பயனில்லை.

ஆனால் எந்தப் பயிற்சி? பலர் கோட்டைவிடும் இடம் இது. டிஸ்க் பிதுங்கியவருக்குக் குனிந்தாலும் உட்கார்ந்தாலும் இருமினாலும் வலி கூடும். அவர் குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையிலேயே விட்டுவிட்டு, கைகளை ஊன்றி மார்பை மெல்ல உயர்த்தலாம்: ஒரு தடவைக்கு 10 முறை, நாளுக்குச் சில தடவை. வலி காலைவிட்டு ஏறி இடுப்பில் வந்து நின்றால், அங்கே சற்றுக் கூடினாலும், பயிற்சி சரி. பாதத்தை நோக்கி இறங்கினால் அப்போதே நிறுத்த வேண்டும். தண்டுவடக் கால்வாய் குறுகியவருக்கோ எல்லாம் நேர்மாறு: நடந்தால் கால் கனக்கும், உட்கார்ந்து குனிந்தால் விடும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்போடு அணைப்பதும், நிலையான சைக்கிளை மிதிப்பதும் இவருக்கு ஏற்றவை. ஒருவருடைய பயிற்சியை மற்றவர் செய்தால் வலி கூடத்தான் செய்யும்.

நரம்பு வேரருகே போடும் ஸ்டீராய்டு ஊசி, வேரைச் சுற்றியுள்ள அழற்சியைத் தணிக்கும். பிதுங்கலை உள்ளே தள்ளாது. நிவாரணம் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். வலியால் பயிற்சியே செய்ய முடியாதவருக்கு அந்த இடைவெளி பெரிய உதவி. கால்வாய்க் குறுகலில் நம்பிக்கை குறைவு: 2014-இல் வெளியான, 400 பேரை வைத்து நடந்த சோதனையில், மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்ததால் ஆறு வாரத்தில் சொல்லும்படியான கூடுதல் பலன் கிடைக்கவில்லை. சர்க்கரை நோயாளிக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அறுவை சிகிச்சையின் பலத்தை நெதர்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு தெளிவாகக் காட்டியது. 6 முதல் 12 வாரமாகக் கடும் கால்வலியில் இருந்த 283 பேர். உடனே அறுவைக்குப் போன பிரிவு ஏறத்தாழ 4 வாரத்தில் தேறியது, காத்திருந்த பிரிவு 12 வாரத்தில். ஓராண்டு முடிவில் இரு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் அறுவை செய்துகொண்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆக, டிஸ்க் அறுவை தருவது விரைவு. வலி பொறுக்கும்படி இருந்து, பலமும் குறையாதவருக்கு அவசரமில்லை. ஆறு வாரம் தாண்டியும் தூக்கமும் வேலையும் போனவருக்கு அது நியாயமான வழி.

டிஸ்க் அறுவை கால்வலிக்கான சிகிச்சை. இடுப்புவலி அதே அளவுக்குக் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதே டிஸ்க் மறுபடி பிதுங்கலாம், நரம்பு உறை கிழியலாம், தொற்று வரலாம். வலி முதலில் போகும், பலம் மெல்லத் திரும்பும், மரப்பு கடைசி. அது மாதக்கணக்கில் நீடித்தாலும் அறுவை தோற்றுவிட்டதென்று பொருளில்லை.